வரைபடத்திலிருந்து உதிர்ந்த முட்டுச்சந்து

1

இந்தக் கதை என் மொட்டைமாடியில் கிடைத்தது. ஃபெஸ் பழைய நகரில் துணி உலர்த்தப் போகிறவள் காதைப் பொத்திக்கொண்டா போவாள்? கீழே தேநீர்க் கடையில் ஹாஜ் தாமி கத்திக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் துணியை உதறினேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “மாலை வெயில் பள்ளிவாசல் கோபுரத்தின் மேல் பொன்னாக…” தூ! வெயிலுக்கும் ஸுஹைரின் மடத்தனத்துக்கும் என்ன சம்பந்தம்?

2

ஸுஹைர் அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவன். எங்கள் பேட்டைக் கையேட்டுக்கு வந்த வரைபடத்தில் ஒவ்வொரு படிக்கட்டும் இருந்தது. கோப்பைத் திறந்தால் கணினிக்கு மூச்சு வாங்கும். முதலாளி லஹ்லூ, “படத்தை இளைக்க வைடா. இல்லேன்னா நான் உன்னை இளைக்க வைப்பேன்” என்றார்.

(வேலை தெரிந்தவன் அச்சில் வராத அடுக்குகளை நீக்குவான், படத்தின் சட்டகத்துக்கு வெளியே நிற்பதை வெட்டுவான். எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? அச்சகத்துக்கும் சன்னல் இருக்கிறது.)

நம் மேதைக்கு அதெல்லாம் ஆகுமா? ‘கோடுகளை எளிமையாக்கு’ என்ற அளவுப் பட்டையைக் கடைசிவரை இழுத்துவிட்டான். பொடிக் கோடுகள் உதிர்ந்தன. கோப்பு இறகாகிவிட்டது. அந்தப் பூரிப்பில் அசலின் மேலேயே சேமித்தும் வைத்தான்.

3

ஊரார் சரிபார்க்க, படத்தைத் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டினார்கள். ஹாஜ் தாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். ரொட்டி அடுப்பு இருந்தது. கழுதை லாயம்கூட இருந்தது. அவர் வீட்டுக்குப் போகிற முட்டுச்சந்து மட்டும் இல்லை.

இந்த வெள்ளிக்கிழமைதான் ஸுஹைர், எங்கள் ஊர் வழக்கப்படி சர்க்கரைக் கூம்புகளோடு அவர் மகளைப் பெண் கேட்டுப் போவதாக இருந்தது.

“என் வீடு எங்கடா?”

“மாமா, கோப்பு ரொம்பக் கனமா இருந்துச்சு…”

“என் வீடு கனமா? மூணு தலைமுறையா இருக்கோம், ஒருத்தனுக்கும் கனக்கலையே!”

“இன்னிக்கே சேர்த்துடறேன் மாமா.”

“எதைப் பார்த்துச் சேர்ப்பே?”

“அசல்… அதுமேலேயே சேமிச்சுட்டேன்.”

கடையே சிரித்தது.

“அப்போ சந்துக்குள்ள வந்து அளக்கணுமே! கால் வெச்சுப் பாரு. இல்லாத வீட்டுக்கு எந்த வழியா சர்க்கரை தூக்கிட்டு வர்றேன்னு நானும் பார்க்கிறேன்.”

4

முடிவு ஒன்று: ஸுஹைர் போய் ஹாஜின் தலையில் முத்தமிட்டு மன்னிப்புக் கேட்கிறான். அவரும் உருகி… (உருகுகிற ஆளா அவர்? கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: லஹ்லூ அப்படியே அச்சடித்துவிடுகிறார். வெள்ளிக்கிழமை வந்ததும் கவ்தர்…

இந்த வாக்கியம் முடியவில்லை. கவ்தரே பக்கத்து மாடியிலிருந்து சுவர் தாண்டி வந்து, என் தாளைப் பிடுங்கிப் படித்தாள்.

“இதுல நான் எங்கே சித்தி?”

“இதோ, ‘அவர் மகள்’னு இருக்கே.”

“இவ்வளவுதானா? ஒரு வார்த்தைகூடப் பேசலையே நான்.”

“கதை நீண்டுபோச்சும்மா, கொஞ்சம் சுருக்கினேன்.”

“அவனும் இதையேதான் சொன்னான்.”

ஊரெல்லாம் ஒருவனைப் பார்த்துச் சிரித்தபோது, உரக்கச் சிரித்தது நான்தான். இப்போது சிரிப்பு வரவில்லை.

“கொடியைக் கழட்டிக்கிறேன், அளக்கறதுக்கு” என்றவள், என் துணியைத் தரையில் தள்ளிவிட்டுக் கயிற்றோடு இறங்கிப் போனாள்.

5

மாடியிலிருந்து பார்க்கிறேன். வாசலில் ஹாஜ், கையைக் கட்டிக்கொண்டு. சந்தின் வாயில் ஸுஹைர், காலை உள்ளே வைக்கவும் தைரியமில்லாமல். கவ்தர் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறாள்.

“மறு நுனியை யாராவது பிடிங்க” என்கிறாள்.

பிடித்தது யார் என்று நான் எழுதமாட்டேன். சுருக்குகிற கை என்னுடையது, எழுதினால் அதையும் சுருக்கிவிடும். நீங்களே இறங்கிப் போய்ப் பாருங்கள், சந்து இருக்கிறது.