சமர்ப்பணப் பக்கம்

ஐஸ்லாந்தில் புத்தகம் எழுதாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மீன் பரிசோதகராக நான் நாட்டுக்கு ஆற்றிய தொண்டை முந்நூறு பக்கம் எழுதி, மின்னூல் தயாரிக்கும் மென்பொருளில் ஏற்றினேன். அதில் மாதிரிக்கு வைத்திருக்கும் வாசகங்களை அழித்துவிட்டு நம்முடையதைப் போட வேண்டும். சமர்ப்பணப் பக்கத்தை மட்டும் மறந்துவிட்டு, ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில், எல்லோர் முன்னாலும் என் மனைவி ஸ்டெய்னுன் அதை மனப்பாடமாகச் சொன்னாள். “‘என் அன்பு மனைவிக்கு. நீ இல்லாமல் இதில் ஒரு வரியும் இல்லை.’ முப்பது வருஷத்துல, காபி நல்லாருக்குன்னுகூட இந்த மனுஷன் சொன்னதில்ல!” அவள் கண் கலங்கியிருந்தது.

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தேன். போன வருடம் தன் ஆட்டுக்கிடாய்களைப் பற்றி அதே மென்பொருளில் மின்னூல் போட்ட தோர்கில்ஸ் அவசரமாக நகர்ந்து வந்து என் காதைக் கடித்தான்.

“வாய மூடுய்யா. எங்க வீட்டுல அத ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கா.”

ஸ்டெய்னுன் தண்ணீருக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மோவாய்வரை மூழ்கிக்கொண்டேன்.