மணலுக்கு ஒரு வெடி கூடுதல்

தேனாம்பேட்டையில் மோட்டார் ஷெட் வைத்திருந்த பீர் முஹம்மதுவுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தி நாலாம் வருஷம் முழுக்க ஒரே பைத்தியம். ஒரே எஞ்சின் இரண்டு விதமாக ஓட வேண்டும். சாதாரணமாக இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் வெடித்துச் சிக்கனமாகப் போகும், ஃபோர் ஸ்ட்ரோக். பாரம் ஏறினால் கைப்பிடியைத் தள்ள வேண்டியதுதான், சுற்றுக்கு ஒரு வெடி, டூ ஸ்ட்ரோக். வால்வுகளைத் திறக்கும் தண்டில் இரண்டு வகை முட்டுகளைக் கடைந்து, கைப்பிடியைத் தள்ளினால் தண்டே பக்கவாட்டில் நகரும்படி செய்தான். காற்றை உள்ளே தள்ள ஒரு விசிறியும் பூட்டினான். ஷெட்டில் அது சொன்னபடி கேட்டது. ஆனால் நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினை யார் மதிப்பார்கள்?

கெங்கம்மா மதித்தாள். சாந்தோம் கரையில் மீன் எடுத்துச் சிந்தாதிரிப்பேட்டைச் சந்தையில் விற்பவள் அவள். கூடைகளை மணலில் சுமந்து ரோட்டுக்கு வந்து குதிரை ஜட்காவில் ஏற்றுவதற்குள் வெயில் ஏறிவிடும்.

"மணலுக்குள்ளவே வர்ற வண்டி ஒண்ணு பண்ணுவியா பாய்?" என்றாள்.

மூன்று சக்கர வண்டி ஒன்று கட்டி எஞ்சினை அதில் ஏற்றினான். வெள்ளோட்டத்தன்று குப்பமே கரையில் திரண்டிருந்தது. காலி வண்டி மணலில் சுலபமாக இறங்கியது. கூடைகள் ஏறியதும் சக்கரம் புதைந்தது. கெங்கம்மாவின் புருஷன் லூர்துசாமி, நாலு ஆளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டான். பீர் முஹம்மது கைப்பிடியைத் தள்ளினான். எஞ்சின் அலறிற்று. வண்டி மணலை வாரி இறைத்தபடி மேலேறி ரோட்டைத் தொட்டது. கரையிலிருந்து விசில் பறந்தது.

இனி ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாற்றலாம் என்று கைப்பிடியை இழுத்தான். அது அசையவில்லை. காலால் உதைத்தும் பார்த்தான். எஞ்சின் காய்ச்சல் கண்டதுபோல் கொதித்தது. எந்த நிமிஷம் எது உடையுமோ தெரியவில்லை. நிறுத்திவிடட்டுமா என்று பின்னால் திரும்பிக் கத்தினான்.

கூடைகளுக்கு நடுவே கெங்கம்மா மகாராணிபோல் உட்கார்ந்திருந்தாள். "நிறுத்தாத பாய். இன்னிக்கு நம்ம மீனுதான் மொதல்ல போவுது."

ராயப்பேட்டையில் குதிரைகள் மிரண்டன. மவுண்ட் ரோட்டில் கையை நீட்டிய போலீஸ்காரர், வண்டி வந்த வேகத்தைப் பார்த்து, தாமே ஒதுங்கிக்கொண்டார். சந்தை வாசலை எட்டியபோது பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானாகவே அடங்கிற்று. என்ன சத்தம் என்று பார்க்கத் தெருவே வெளியே வந்திருந்தது. வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. மற்றவர்களின் ஜட்காக்கள் வந்து சேர்வதற்குள் கூடைகள் காலி.

பீர் முஹம்மது மட்டும் வண்டிக்கு அடியில் கிடந்தான். சூடு தணிந்ததும் கைப்பிடி வெண்ணெய்போல் நகர்ந்தது. அப்போதுதான் புரிந்தது. சூட்டில் தண்டு பருத்து, அதைத் தாங்கும் வளையத்தில் இறுகியிருக்கிறது. தன்னையறியாமல் சிரித்துவிட்டான். ஷெட்டுக்குப் போனதும் தண்டை ஒரு மயிரிழை தேய்த்து, எண்ணெய்க் குழாய் ஒன்றும் விட்டான்.

அடுத்த வாரம் மணலில் அலறிய எஞ்சின், ரோட்டைத் தொட்டதும் பூனைபோல் முனகியது. பீர் முஹம்மதுவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் சிந்தாதிரிப்பேட்டை முனைக்கு வந்ததும் கெங்கம்மா அவன் தோளைத் தட்டினாள்.

"இன்னா பாய், இவ்ளோ மெதுவா போனா நான் வந்தது யாருக்குத் தெரியும்? அத்தத் தள்ளு."

மணலே இல்லாத சமதளத் தெருவில் டூ ஸ்ட்ரோக் எதற்கு என்று அவன் விளக்க ஆரம்பித்தான். அவள் காதில் வாங்கவில்லை. பெருமூச்சு விட்டுக் கைப்பிடியைத் தள்ளினான். தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.