செவலையிடம் சொன்னது

கருத்தையா தெருமுனையில் இருமினால் போதும், மருமகள் முத்துசெல்வி அடுப்படிக்குள் ஓடிவிட வேண்டும். மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் நிற்கக் கூடாது, பேசக் கூடாது. புதூர்ப் பக்கம் ஆடு மேய்த்துப் பிழைக்கும் அந்தக் குடும்பத்தில் அதற்கு மரியாதை என்று பெயர். ஒரே வீட்டில் கஞ்சி குடிக்கிற இரண்டு பேர் முகம் பார்க்காமல் இருப்பது என்ன மரியாதையோ.

பேசியே ஆக வேண்டிய நேரத்துக்கு வாசலில் கிடந்த நாய் இருந்தது.

"ஏலே செவலை, கஞ்சி ஆயிட்டா?" என்பார் கருத்தையா.

"செவலை, ஆற வச்சிருக்கேன், எடுத்துக்கிடச் சொல்லு" என்று உள்ளேயிருந்து பதில் வரும். நாய் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்க்கும். அந்த ஊரில் அதைவிடப் பொறுப்பான உத்தியோகம் யாருக்கும் இல்லை.

தொண்ணூற்றெட்டு மாசியில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்தது. பருத்தி எடுத்து முடித்த தன் காட்டில் ஆடுகளை விட்டுக்கொள்ளலாம் என்று தங்கச்சாமி முன்பே கருத்தையாவிடம் சொல்லியிருந்தார். மழையில் செடிகள் மறுபடி துளிர்த்ததும் இன்னொரு தரம் பருத்தி எடுக்கலாம் என்று அவருக்கு ஆசையும் துளிர்த்தது. ஒருநாள் சாயங்காலம் பூச்சிமருந்து அடித்துவிட்டார். மருந்து கலக்கத் தண்ணீர் சுமந்தவள் முத்துசெல்விதான்.

"காலைல நான் எட்டயபுரம் போறேன். ஒங்க மாமாட்ட நீயே சொல்லிரு தாயி" என்றார். அவளும் தலையை ஆட்டிவிட்டாள். புருஷன் செண்பகராஜ் கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸில் வேலையாக இருந்தான், சனிக்கிழமைதான் வருவான். மாமனாரும் ராத்திரி ஆட்டுக்குக் காவல் படுத்துவிட்டு விடியத்தான் வருவார்.

விடிந்ததும் வாசலில் இருமல் கேட்டது. முத்துசெல்வி அடுப்படியில் இருந்தபடியே, "செவலை, தங்கச்சாமி காட்டுல மருந்தடிச்சிருக்கு, அங்கன ஆட்டை விடாண்டாம்னு சொல்லு" என்றாள். கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலுக்கு வந்தால் மாமனாரும் இல்லை, கம்பும் இல்லை. அன்றைக்கென்று நாயும் அவர் பின்னாலேயே போயிருந்தது. சொன்னதெல்லாம் வெறும் வாசலிடம் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த வீட்டுச் சோறு முழுக்க அந்த ஆடுகள்தான்.

ஓடினாள். இன்னும் காயாத கரிசல் சகதி காலில் அப்பி அப்பி இழுத்தது. ஓடைக்கரை ஏறிப் பார்த்தால், அக்கரையில் ஆடுகள் பருத்திக் காட்டை நெருங்கிக்கொண்டிருந்தன. கருத்தையா பின்னால் சாவகாசமாக நடந்தார். கால் போய்ச் சேராது, குரல்தான் போக வேண்டும்.

"செவலை" என்று கத்தினாள், பழக்கம் விடுமா. செவலை வாலை ஆட்டிக்கொண்டு அவளை நோக்கி ஓடி வந்தது. ஆடுகள் அவைபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

முத்துசெல்வி மூச்சை இழுத்தாள்.

"மாமா, நில்லுங்க. மருந்தடிச்ச காடு அது. ஆட்டைத் திருப்புங்க."

கரையில் மாடு மேய்த்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். கருத்தையா ஒரு கணம் மலைத்தார். அடுத்த கணம் முன்னால் பாய்ந்து கம்பைக் குறுக்கே நீட்டி, அதட்டி, மந்தையைத் திருப்பினார். ஒரு ஆடுகூட ஒரு இலையைத் தொடவில்லை.

மந்தையை ஒதுக்கிவிட்டு அவர் ஓடையைக் கடந்து வந்தார். எங்கேயாவது மறைந்துகொள்ளலாமா என்று அவளுக்குத் தோன்றியது. எதற்கு மறைய வேண்டும் என்றும் தோன்றியது. நின்றாள். அவர் இருமாமல் பக்கத்தில் வந்து, அவள் முகத்தை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார்.

"நீதானா தாயி சத்தம் போட்டது?"

"நாந்தான் மாமா."

"இம்புட்டு நல்ல தொண்டைய வச்சுக்கிட்டா இத்தனை நாளா நாய்ட்ட பேசிக்கிட்டிருந்த?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள், வாயைப் பொத்தாமல், அத்தனை பேருக்கு முன்னால். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு அந்த ஊரில் அதுவரை வாய்த்ததில்லை.

மறுநாள் காலையில் கருத்தையா தெருமுனையில் இருமினார், பழக்கதோஷம். முத்துசெல்வி வாசலை விட்டு நகரவில்லை.

"வாங்க மாமா, கஞ்சி ஆயிட்டு" என்றாள்.

செவலை இருவரையும் ஒருதரம் பார்த்துவிட்டு, இனித் தனக்கு இங்கே வேலை இல்லை என்று படுத்துத் தூங்கியது.