டேரலின் கை தாழ்ந்த சனிக்கிழமை

"முதுகத் தொடாம உனக்குச் சொல்லிக் குடுக்க வராதா?" நோலா கேட்டது, காதுமூடி மாட்டியிருந்தவர்களுக்கும் கேட்டது.

"துப்பாக்கி உதைச்சா பின்னால சாஞ்சிடுவாங்க. தாங்கத்தான் கைய வச்சேன்" என்றான் டேரல்.

"நானும்தான் சாஞ்சேன். அப்ப உன் கை காப்பிக் கோப்பையிலதான இருந்துச்சு?"

அமெரிக்காவின் மொன்டானாவில் அந்தச் சின்ன ஊரின் துப்பாக்கிச் சுடுதளத்துக்கு மூன்று சனிக்கிழமைகளாகக் கூட்டம். ஆற்றில் மீன் கணக்கெடுக்க வந்த ஆட்ரிக்குக் கரடிப் பயம்; பெரிய ரிவால்வர் ஒன்று வாங்கியிருந்தாள். சுடச் சொல்லித் தர டேரல் அரை மணி நேரத்தில் ஒப்புக்கொண்டான். நோலாவுக்கு நிச்சய மோதிரம் போட்டு ஆறு வருடமாகியும் கல்யாணத் தேதிக்கு ஒப்புக்கொள்ளாத ஆள். ஒவ்வொரு இலையுதிர்காலமும் மான் வேட்டை குறுக்கே வந்துவிடும். இந்த செப்டம்பராவது நடக்குமா என்பதுதான் நோலாவின் கவலை. ஊருக்கும்தான், சும்மா சொல்லக் கூடாது.

டேரலின் பாடம் எளிது. பிடியை உயரத்தில் பிடி, முழங்கையை விறைக்க விடாதே, துப்பாக்கி எழும்பினால் எழும்ப விடு. உதைக்குப் பயந்த கை, வெடிக்கும் முன்பே குழாயைக் கீழே அமுக்கிவிடும். அதைக் கண்டுபிடிக்க துப்பாக்கியின் ஐந்து தோட்டா அறைகளில் ஒன்றிரண்டில் காலித் தோட்டாவைச் சுடுபவருக்குத் தெரியாமல் செருகுவார்கள். அங்கே சத்தமும் இல்லை, உதையும் இல்லை. பயம் மட்டும் அப்பட்டமாகத் தெரியும்.

முதல் இரண்டு வாரம் ஆட்ரியின் குழாய் தலை குனிந்தது. அன்று அசையவில்லை. டேரலின் முகம் மலர்ந்த மலர்ச்சியை நோலா தனக்கு மோதிரம் போட்ட நாளில்கூடப் பார்த்ததில்லை.

"இப்ப நீ சுடு. நான் தோட்டா போட்டுத் தரேன்" என்றாள் நோலா.

டேரல் சிரித்தான். தன் கை தாழ்ந்ததாக எவனாவது சொல்லட்டும் என்றான். அதுவரை தாழ்ந்ததில்லை என்பது உண்மைதான். நோலா திரும்பி நின்று தோட்டாக்களைச் செருகிக் கொடுத்தாள். நன்றாகப் பார்க்க ஆட்ரி ஓரடி முன்னால் வந்தாள்.

முதல் வெடி. துப்பாக்கி நெற்றி உயரம் எழும்பி இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வெறும் 'டிக்'.

குழாய் நாலு விரற்கடை கீழே போனது.

யாரும் சிரிக்கவில்லை. பிடி வியர்வையில் வழுக்குவதாக டேரல் முணுமுணுத்தான். காது மட்டும் சிவந்துகொண்டே போனது.

மிச்சத் தோட்டாக்களை அவன் எடுத்து வைக்கும்வரை பொறுத்திருந்து நோலா சொன்னாள், குரலை உயர்த்தாமல்: "பதினோரு வருஷம் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். நான் பாக்கறேன்னு உன் கை ஒரு தடவகூடத் தாழல, டேரல்."

அந்தக் காலித் தோட்டாவை மேசையில் நிறுத்தி, மோதிரத்தைக் கழற்றி அதற்கு மாட்டிவிட்டுத் தன் வண்டியை எடுத்தாள்.

ஆறு உறைந்ததும் ஆட்ரி அலாஸ்காவுக்குக் கிளம்பினாள். அங்கே அவளுக்குக் கணவன் இருந்தானாம். அதுவரை அதை யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை, டேரலுக்கும்கூட. நோலா அடுத்த ஜூனில் பில்லிங்ஸ் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள். பட்டாசு வெடித்தால்கூட அந்த மனிதர் துள்ளி விழுவாராம். பார்க்கும் போதெல்லாம் நோலாவுக்குச் சிரிப்பு வருகிறதாம், சந்தோஷமாகத்தான்.