சத்தமில்லாத கார்டு

1

குடும்பக் காதல் கதை எழுதுகிறவளுக்குக் கணினிக் கடையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். தைபேயின் கணினிச் சந்தையில் மழைக்கு ஒதுங்கியபோதுதான் இந்தக் கதை கிடைத்தது. காட்சிக்கு வைத்திருந்த, கணினிக்குள் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டுகளின் மேல் ஒரு பெண் அட்டைத் துண்டை வைத்து அளந்துகொண்டிருந்தாள். ருய்யின் என்று பெயர் வைத்தேன்.

'அவள் கூந்தலில் மழைத்துளிகள்...' என்று ஆரம்பித்து—

வேண்டாம். அளக்க வந்தவள் அளக்கட்டும்.

2

ருய்யின் திருமண வீடியோக்களுக்கு வீட்டிலிருந்தே அசைபடம் செய்கிறாள். கணவன் போஹானுக்குக் கணினிச் சில்லு ஆலையில் இரவு வேலை, பகலில் தூக்கம். இருப்பது ஒரே அறை. படம் தயாராகும்போதெல்லாம் கணினிக்குள் சூடேறிய கிராபிக்ஸ் கார்டின் விசிறி ஊளையிடும்.

(போஹானை முதலில் எரிந்து விழுகிறவனாக எழுதினேன். பொருந்தவில்லை. அவன் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.)

ஞாயிற்றுக்கிழமைக்குள் சத்தம் அடங்காவிட்டால் அவள் கணினியோடு தைச்சுங் நகரத்திலுள்ள அம்மா வீட்டுக்குப் போவது, வாரக்கடைசியில் மட்டும் சந்திப்பது என்று பேசி முடித்திருந்தார்கள். சரியென்று தலையாட்டிவிட்டு, மறுநாள் காலையிலேயே கணினிப் பெட்டியின் உள்ளளவுக்கு அட்டையைக் கத்தரித்தாள்.

3

"எல்லாம் ஒரே மாடல்தானே முதலாளியம்மா? ஏன் ஏழு விலை?"

"உள்ள இருக்கற சில்லு ஒண்ணுதான்மா. ஒவ்வொரு கம்பெனியும் அதை வாங்கி, விசிறியும் சூட்ட இழுக்கற உலோகக் கட்டையும் தன் இஷ்டத்துக்கு மாட்டி விக்குது. இது வேகம் ஏத்தினது."

"எவ்வளவு ஏத்தினது?"

"நூறு நிமிஷ வேலை தொண்ணூத்தேழுல முடியும்."

"அந்த மூணு நிமிஷத்த வச்சு நான் என்ன பண்ண? இது?"

"கலர் கலரா விளக்கு எரியும்."

"தூங்கற மனுஷன் மூஞ்சியிலயா?"

"அப்போ மூணு விசிறி எடு. மெதுவா சுத்தும், சத்தமே வராது."

அட்டையை வைத்தாள். கார்டு நான்கு விரல் நீண்டிருந்தது. "உள்ள போகாது."

"பெட்டிய மாத்து."

"பெட்டிய மாத்தினா மேசைய மாத்தணும். மேசைய மாத்தினா கட்டில மாத்தணும்."

"அதுக்குப் புருஷனயே மாத்திடு, மலிவு!"

"அவருக்கு வாரண்டி இன்னும் முடியலியே!"

கடைசியில், விளக்கில்லாத, இரண்டே விசிறி உள்ள, குட்டையான தடித்த கார்டு. கட்டை தடிமனென்றால் விசிறி பதறாது. அட்டையின் ஓரத்தில் பேனாவால் குறித்திருந்த தடிமனுக்கும் அது அடங்கியது.

4

வீட்டில் மாட்டினாள். ஓடவிட்டாள். ஊளை.

(முதல் வரைவில் இங்கே அவளை அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்ட வைத்தேன். கட்ட மறுத்துவிட்டாள்.)

கணினியின் பக்கங்களில் உள்ளங்கை வைத்துப் பார்த்தாள். மேலேதான் கொதித்தது. அங்கே ஒரு பச்சைப் பொட்டலம்: தேங்காய் மணக்கும் சோளத் தின்பண்டம். எங்கள் தைபேயில் இயந்திரம் சமர்த்தாக நடந்துகொள்ள அதன் தலையில் இதை வைப்பார்கள். பச்சைதான் வேண்டும், காலாவதித் தேதி தாண்டக் கூடாது. போஹானின் ஆலை முழுக்க இது உண்டு. வீட்டிலும், அவளுடைய வேலை தடைபடக் கூடாதென்று, தேதி பார்த்துப் பார்த்து மாற்றி வைத்திருக்கிறான்.

சூடு வெளியேறும் துளைகளுக்கு நேர் மேலே.

எடுத்தாள். ஊளை முனகலாகி, முனகல் மூச்சாகி, கடைசியில் போஹானின் குறட்டை மட்டும் கேட்டது.

5

எழுப்பிச் சொன்னால், இத்தனை மாதத் தூக்கத்தைக் கெடுத்தது தன் அன்புதான் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். சொல்லாமல் நகர்த்தினால், அடுத்த பொட்டலத்தைப் பழைய இடத்திலேயே வைப்பான். பிரித்துத் தின்றுவிட்டால்... (சிரிக்காதீர்கள், அதையும் எழுதிப் பார்த்தேன்.)

பொட்டலத்தோடு நிற்கிறாள். போர்வை அவன் தோளுக்கு இறங்கியிருக்கிறது. எங்கே வைப்பாள், என்ன சொல்வாள் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

தைச்சுங் போகும் ரயில் டிக்கெட்டை மட்டும் உங்களிடம் தரமாட்டேன். அதை நான் கிழித்தாகிவிட்டது.