டாஷ்போர்டில் வெந்த டப்பா

சீட், கண்ணாடி, பெல்ட், பிரேக், கியர், இண்டிகேட்டர், ஹாரன். இந்த ஏழையும் தொட்டுப் பார்த்துச் சொன்னால்தான் டிரைவிங் டீச்சர் சாவியைத் திருப்ப விடுவாள். "நேத்துதான பார்த்தோம்" என்று யாராவது முனகினால், "நேத்து சாப்பிட்டீங்க, இன்னைக்கு சாப்பிடலையா?" என்று வாயை அடைத்துவிடுவாள். பதினோரு வருடமாக இதுதான் அவள் வண்டியில் சட்டம்.

காலை முதல் மாலை வரை இடது இருக்கையில், காலடியில் தனி பிரேக்கோடு அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். வெயில் அவளுடைய இடது கன்னத்தைத்தான் தேடி வரும். அதற்கு அவள் நாத்தனார் வழி சொன்னாள். வீட்டிலிருந்தே அழகு க்ரீம் விற்பவள் அவள். "வெயிலுக்கும் ஆச்சு, ஏழே நாள்ல சிவப்பாவும் ஆயிடலாம்" என்று ஒரு வெள்ளை டப்பாவைக் கையில் திணித்தாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று டீச்சரும் மகிழ்ந்துபோனாள். டப்பா டாஷ்போர்டில் குடியேறியது.

முதல் மாதம் முகம் பளபளத்தது. மூன்றாம் மாதம் தண்ணீர் பட்டாலே கன்னம் எரிந்தது. "நாள் பூரா வெயில்ல உட்கார்ற வேலை உனக்கெதுக்கு? விட்டுத் தொலையேன்" என்று வீட்டில் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். அவளுக்குத் தூக்கம் போயிற்று. முகம் போனாலும் ஸ்டியரிங்கை விடுவதில்லை என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். ஆனால் எரிச்சல் அவள் பிடிவாதத்தைக் கேட்கவில்லை.

அன்று பத்து மணி வகுப்புக்கு வந்தவள் ஒரு தோல் டாக்டர். சின்ன வயசு. ஊருக்கே தைரியம் சொல்பவளுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் அது பறந்துவிடும். சிக்னலில் நின்றபோது அவள் விளக்கைப் பார்க்காமல் டீச்சரின் கன்னத்தையே பார்த்தாள்.

"டாக்டரம்மா, முன்னாடி பாருங்க."

"கொஞ்சம் ஓரங்கட்டறேன் டீச்சர். உங்க கன்னம் சரியில்ல."

"வெயில்தான். இத்தனைக்கும் கண்ணாடிய ஏத்தித்தான் வெச்சிருக்கேன். க்ரீமும் போடறேன்."

மர நிழலில் வண்டி நின்றது. டாக்டர் டப்பாவை எடுத்தாள், கை சுட்டது. உள்ளே எண்ணெய் தனியாக, க்ரீம் தனியாகப் பிரிந்து கிடந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி ஏழு விஷயம் பார்க்க வைக்கறீங்களே, மூஞ்சில பூசறதுல ஒண்ணாவது பார்த்தீங்களா? இதுல என்ன கலந்திருக்குன்னு இல்ல, யார் செஞ்சதுன்னு இல்ல, தேதியும் இல்ல."

டீச்சருக்குச் சுருக்கென்றது.

"இதுல ஸ்டீராய்டு இருக்கும்னு நினைக்கறேன், தோலை மெலிசாக்கிடும். நீங்களா திடீர்னு நிறுத்தறதோ, வேற எதையும் பூசறதோ வேணாம், நாளைக்கு கிளினிக்குக்கு வாங்க. வெயிலுக்குன்னு வாங்கினா எஸ்.பி.எஃப்-ங்கற வெயில் தடுப்பு எண் முப்பதாவது இருக்கணும், யு.வி.ஏ கதிரையும் தடுக்கும்னு எழுதியிருக்கணும். அந்தக் கதிர் கண்ணாடிய ஏத்தினாலும் உள்ள வரும். ரெண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகம், கழுத்துன்னு தடவுங்க. வெயில்ல இருக்கறவரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திரும்பப் போடுங்க. டாஷ்போர்டுல மட்டும் வைக்காதீங்க."

மறுநாள் டீச்சர் கிளினிக்குக்குப் போனாள். டாக்டரின் சந்தேகம் சரிதான். பழைய க்ரீமை அவர்கள் சொன்னபடி நிறுத்தினாள். முகம் தெளிய மாதங்கள் ஆகும் என்றார்கள். ஆகட்டும் என்றாள். வேலையை விடவில்லை. முழுக்கைச் சட்டை வந்தது, எழுத்தெல்லாம் படித்து வாங்கிய புதுக் க்ரீம் கைப்பைக்குள் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் இன்னொரு வெள்ளை டப்பாவோடு வந்தாள். கூடவே அவளுடைய பத்தாம் வகுப்பு மகள்.

"பாதியில நிறுத்தினா அப்படித்தான் எரியும். இந்தா, விடாம போடு."

டீச்சர் டப்பாவை வாங்கிப் பிரித்து நாத்தனார் முன்னாலேயே வைத்தாள். "இதுல என்ன கலந்திருக்கு அண்ணி? நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

"எழுதியிருந்தாத்தானே படிக்கறதுக்கு! நாலு தெருவுல வாங்கறாங்க, எவளாவது குறை சொன்னாளா?"

"நான் சொல்றேனே."

அப்போது அந்தப் பெண் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு மெல்லச் சொன்னாள். "எனக்கும் எரியுதும்மா. சொன்னா திட்டுவியேன்னு சொல்லல."

நாத்தனார் மகளை ஜன்னல் பக்கம் இழுத்துப் போய்ப் பார்த்தாள். அதே சிவப்பு. க்ரீம் விற்றவளின் முகம் பேயறைந்ததுபோல் ஆனது.

"அந்த டாக்டர்கிட்ட இவளையும் கூட்டிட்டுப் போறியா?" என்றாள், குரல் இறங்கி.

"நீங்களும் வாங்க அண்ணி. அப்புறம் அந்த நாலு தெருவுக்கும் நாம போகணும்."

"போய் என்னன்னு சொல்றது?"

டீச்சர் சாவியை எடுத்தாள். "நிறத்தை மாத்தறேன்னு சொல்றதை நம்பி வெயில்ல போகாதீங்கன்னு சொல்வோம். காப்பாத்த வேண்டியது தோலைத்தான், நிறத்தை இல்ல. என்ன இருக்குன்னு எழுதாத டப்பாவைத் தொடவே கூடாது. கெளம்புங்க, முதல் தெருவுலேருந்தே ஆரம்பிப்போம்."