'விடு' என்றால்

நான் கோல்கீப்பராக நிற்கும் ஃபுட்பால் அணிக்கு மேனேஜர் என் தங்கச்சி புருஷன். விளையாடிய காலத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் டூப்ளிகேட். எதிரணி ஆள் பந்தைத் துரத்தும்போது, பின்னாலிருந்து அவர்களுடைய கோல்கீப்பரின் குரலில் "விடு" என்று கத்துவான். கீப்பர்தான் பந்தை எடுக்க வருகிறார் என்று நம்பி அந்த அப்பாவி ஒதுங்குவான். இவன் கோல் போட்டுவிட்டுப் பல்லை இளிப்பான். பாதி கோல் வாயாலேயே போட்டது.

முழங்கால் போய் மேனேஜரானதும் யாரையும் நம்பாதவன் ஆகிவிட்டான். பயிற்சி நேரத்தில் மைதானக் கதவுக்குப் பூட்டு. ஜெர்சி துவைக்கிறவர்கூட அவன் கண்ணுக்கு உளவாளி. என்னை விட்டுவைத்திருக்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன். திடீரென்று "வா, போ" எல்லாம் "வாங்க, போங்க" ஆயிற்று. மரியாதை கூடினால் சந்தேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். எதிரணி மேனேஜர் கடைவாசலில் என்னிடம் பேசியதை எவனோ போட்டுக்கொடுத்திருக்கிறான். அந்த மனுஷன் என் பெண்ணின் படிப்பை விசாரித்தார், அவ்வளவுதான்.

நேற்றைய ஆட்டத்தில் கடைசி நேரம். பந்து உயரமாக வந்தது. "விடு" என்று கத்திக்கொண்டே முன்னால் ஓடினேன். எங்கள் தடுப்பாட்டக்காரன் நெட்டையன் விடவில்லை, தலையால் முட்டினான். பந்து என்னைத் தாண்டி எங்கள் வலையிலேயே விழுந்தது. தோற்றோம்.

உடை மாற்றும் அறையில் மேனேஜர் கதவைச் சாத்தினான்.

"யாருக்காக விட்டுக்கொடுத்தீங்க, மச்சான்?"

இத்தனை வருஷம் கோலில் நின்றவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

"நான் கத்தினேன். அவனையே கேளு."

நெட்டையன் ஷூ கயிற்றைப் பார்த்தபடி சொன்னான். "கேட்டுச்சுண்ணே. ஆனா இனிமே 'விடு'ன்னா விடக்கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரே. அதுக்கு வேற வார்த்தை வச்சிருக்கோம். உங்களுக்குத் தெரியாதா?"

போன வாரம் என்னை மட்டும் தனியாக ஓட அனுப்பியது அதற்குத்தானா? ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மாற்று கீப்பர் உட்பட எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"என்கிட்ட ஏன் சொல்லல மாப்ளே?"

அவன் கையிலிருந்த துண்டை மடித்தான். "வெளிய போயிடுமோன்னு…"

அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அடுத்த ஆட்டத்திலும் நான் நிற்க வேண்டும். என்னை நம்புகிறேன் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"சரி, இப்பவாவது சொல்லு. என்ன வார்த்தை?"

நெட்டையன் வாயைத் திறந்தான். மேனேஜர் முறைத்ததும் மூடிக்கொண்டான்.

"அப்புறம் சொல்றேன், மச்சான்."

கையுறைகளைக் கழற்றி மாற்று கீப்பரின் மடியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.